குளிர் அறை மணி அடிக்கவில்லை

காலை 9:10.

குளிர் அறையின் கதவைத் திறந்தபோது லஹ்பீப் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். முழங்கால்கள் மார்போடு ஒட்டியிருந்தன. இடது கை சட்டைக்குள் இருந்தது. வலது கை மட்டும் மேலே நீண்டபடி விறைத்துப்போயிருந்தது. அந்தக் கைக்கு ஒரு சாண் மேலே, சுவரில், சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்காக வைத்தது. அழுத்தினால் முற்றத்தைத் தாண்டி அலுவலகத்தில் மணி அடிக்க வேண்டும்.

அடிக்கவில்லை.

அகாதிர் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்த மீன் ஏற்றுமதிக் கம்பெனி சின்னது. முன்னால் அலுவலகம், நடுவில் முற்றம், பின்னால் குளிர் அறை. உள்ளே மைனஸ் இருபத்தைந்து டிகிரி. லஹ்பீப் அங்கே சரக்குக் கண்காணிப்பாளர். வயது அறுபத்தொன்று. ரமலான் மூன்றாம் நாளான நேற்று, நோன்பு திறக்க அவர் வீட்டுக்கு வரவில்லை. வீட்டார் ஊரெல்லாம் தேடினார்கள். தேடாத ஒரே இடம் இதுதான்.

கதவின் வெளித் தாழ்ப்பாளில் யாரோ ஓர் இரும்பு ஆணியைச் செருகியிருந்தார்கள். ஆகவே இது விபத்து இல்லை.

காலை 9:50.

இன்ஸ்பெக்டர் மஹ்ஜூபாவுக்கு நோன்பு மாதத்தில் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். மற்ற மாதங்களில் கொஞ்சம் மேலே நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நாலு நாளாகக் காலைக் காப்பி இல்லை. தலை விண்விண்ணென்று தெறித்தது. பிணத்தை ஒரு நிமிடம் பார்த்தாள், பொத்தானை ஐந்து நிமிடம் பார்த்தாள். போலீசில் சேருவதற்கு முன் இரண்டு வருடம் நெட்வொர்க் படித்தவள் அவள்.

"கேமரா?" என்று கேட்டாள்.

"முற்றத்துக் கேமரா மூணு மாசமா ரிப்பேர் மேடம்," என்றான் கான்ஸ்டபிள் காமிலி. "வாசல் கேட்ல விரல் வைக்கிற மெஷின் மட்டும் இருக்கு. சுத்திலும் மூணு ஆள் உயரச் சுவர், மேல கம்பி. வேற வழியே இல்ல."

கேட் மெஷினின் பட்டியலை வாங்கிப் படித்தாள். நோன்புக் கால வேலை நேரம் மூன்று மணியோடு முடிந்துவிடும். மூன்றுக்குள் எல்லோரும் வெளியேறியிருந்தார்கள், மூன்று பேரைத் தவிர. கம்பெனி முதலாளி ஸெர்வாலி வெளியே போனது 15:25. நெட்வொர்க் ஆள் இத்தர் வெளியே போனது 14:35, திரும்பி உள்ளே வந்தது 16:00, மறுபடி வெளியே போனது 16:30. லஹ்பீப் வெளியே போகவே இல்லை.

"இந்த இத்தர் யாரு?"

"செத்தவரோட மருமகன் மேடம். ரெண்டு வாரமா மாமனாரோட பேச்சுவார்த்தை இல்லையாம்."

"அப்படியா," என்றாள் மஹ்ஜூபா. "கூப்பிடு, உக்கார வை. முதல்ல முதலாளியைப் பாக்குறேன்."

காலை 10:40.

ஸெர்வாலி நல்ல வெள்ளை ஜெல்லாபா அங்கி போட்டிருந்தார். கண் சிவந்திருந்தது. கைக்குட்டையை விட்டு விரல் நகரவில்லை.

"நான் சொல்லக் கூடாது மேடம். அவங்க குடும்ப விஷயம். ஆனா இருபது வருஷம் என்கூட உழைச்ச மனுஷன். எப்படி வாயை மூடிக்கிட்டு இருக்கறது?"

"மூட வேணாம். சொல்லுங்க."

"மணி ஏன் அடிக்கலன்னு காலையிலேர்ந்து யோசிச்சேன். ரௌட்டரைத் திறந்து பாத்தா புரிஞ்சிரும்னு தோணுச்சு. நீங்க வரட்டும்னு காத்திருந்தேன்." அவர் தன் கம்ப்யூட்டரில் ரௌட்டருக்குள் நுழைந்தார். விரல்கள் தயங்கவே இல்லை. "இங்க ரெண்டு சப்நெட் மேடம். ஆபீஸ் மெஷினுக்கெல்லாம் 192.168.1னு ஆரம்பிக்கிற நம்பர். குளிர் அறைப் பக்கம் 192.168.2. ரெண்டு தெரு மாதிரின்னு வச்சுக்குங்க. ரெண்டாம் தெருவுக்குப் போறது இந்தப் பக்கமாப் போகணும்னு ஆபீஸ் ரௌட்டர்ல ஒரே ஒரு வரி எழுதி வைக்கணும். அந்த வரி போச்சுன்னா பாதை போச்சு, மணியும் போச்சு."

"நல்லா விவரமாப் பேசுறீங்களே."

"எல்லாம் இத்தர் சொல்லிக்கொடுத்ததுதான். டிசம்பர்ல கரன்ட் போய் அந்த வரி அழிஞ்சுருச்சு. சோதனைக்கு அழுத்தினா மணி அடிக்கல. அப்ப விளக்கிச் சொன்னான்." ஸெர்வாலி பெருமூச்சு விட்டார். "பாருங்க. அந்த வரி இல்ல. அழிச்சிருக்காங்க."

ரௌட்டரின் பதிவேடு திரையில் விரிந்தது. அவர் ஒரு வரியில் விரலை வைத்தார்.

நேற்று 16:12 – பாதை நீக்கப்பட்டது – 192.168.1.14.

"பதினாலு யாரு மெஷின்?"

"இத்தரோடது." ஸெர்வாலி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "நான் அப்ப மீன் ஏலத்துல இருந்தேன் மேடம். மூணே முக்காலிலிருந்து ஆறு வரைக்கும். நூறு பேர் பாத்திருப்பாங்க."

அந்தப் பதிவேட்டின் கடைசியில் இன்னொரு வரி இருந்தது. இன்று 11:41 – உள்நுழைவு – 192.168.1.10. அது இப்போது ஸெர்வாலி நுழைந்ததன் பதிவு. ஸெர்வாலி தன் கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு திரையை அணைத்தார்.

"தொழுகைக்கு நேரமாச்சா?" என்றாள் மஹ்ஜூபா.

"இல்ல மேடம். சும்மா."

"எனக்கு இதைப் பிரின்ட் எடுத்துக் குடுங்க. கடைசி வரி வரைக்கும்."

காலை 11:15.

இத்தரைப் பெட்டிகள் அடுக்கிய சின்ன அறையில் உட்கார வைத்திருந்தார்கள். இருபத்தெட்டு வயது. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. காமிலியின் கைங்கரியம். மஹ்ஜூபா அதைப் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நேத்து மதியம் எங்க போனே?"

"துறைமுகக் கடைக்கு. எங்க கம்பெனிக் கடைதான். கேபிள் மாத்தினேன். ரெண்டே முக்கால்லேர்ந்து மூணே முக்கால் வரைக்கும்."

"யார் பாத்தா?"

"கடையில நாலு பேர் இருந்தாங்க."

"உன் கம்ப்யூட்டர்?"

"திறந்தபடியே விட்டுட்டுப் போனேன்."

"ரௌட்டர் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும். ரௌட்டர் மேலேயே எழுதி ஒட்டியிருக்கு."

"யாரு ஒட்டினது?"

"நான்தான்."

"கெட்டிக்காரன். இந்தக் கம்பெனில எத்தனை நாளா இருக்கே?"

"எட்டு மாசம்."

"மாமனார் உன் பெண்டாட்டியை ஏன் கூட்டிட்டுப் போனாரு?"

இத்தர் தலையைக் குனிந்துகொண்டான். "எங்களுக்குள்ள சண்டை. நான் கை ஓங்கிட்டேன். அவர் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு."

"'அந்தக் கிழவன் செத்தாத்தான் எனக்கு விடியும்'னு இதே முற்றத்துல நின்னு கத்தினியாமே?"

"கோவத்துல சொன்னேன் மேடம். அல்லா மேல ஆணையா, கோவத்துல சொன்னது."

"சரி. நாலு மணிக்குத் திரும்பி வந்தே. என்ன செஞ்சே?"

"மெயில் பாத்தேன்."

"அப்புறம்?"

அவன் கண் ஒரு நொடி தரைக்குப் போய் வந்தது. "ஒண்ணுமில்ல."

பொய். எதற்கென்று தெரியவில்லை, ஆனால் பொய். அதைத் தோண்டுவதற்குள் கதவு படாரென்று திறந்தது. வந்தவள் லஹ்பீபின் மகள் இஜ்ஜா. வயிற்றில் ஐந்து மாதம். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. தடுக்க வந்த காமிலியைத் தள்ளிவிட்டு நேராக இத்தரின் முன்னால் வந்து நின்றாள்.

"திருப்தியா? இப்ப விடிஞ்சுதா உனக்கு?"

"இஜ்ஜா, நான் இல்ல, சத்தியமா நான்..."

"பேசாத! எங்கப்பாவைக் கட்டை மாதிரி தூக்கிட்டுப் போறாங்க. கையை மடக்க முடியல. அவரைக் குளிப்பாட்டக்கூட முடியாதுங்கறாங்க, உருகட்டும்னு சொல்றாங்க!" குரல் கிழிந்தது. "கொலைகாரா. இந்தப் பிள்ளைக்கு உன் பேரைச் சொல்லவே மாட்டேன். அப்பன் செத்துட்டான்னு சொல்லி வளப்பேன்."

இத்தர் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தான்.

மஹ்ஜூபா இஜ்ஜாவின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். "அம்மா, இங்க உக்காரு. அப்பாவுக்கு வேற யாரோடயாவது மனஸ்தாபம் உண்டா?"

"அவருக்கா? ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் நெனச்சதில்ல. இன்னிக்குக் காலையில மீன்வளத் துறைக்குப் போறதா இருந்தாரு. தடைக்காலத்துல பிடிச்ச ஆக்டோபஸ் உள்ள அடுக்கியிருக்காம். பழைய தேதி போட்டுக் கையெழுத்து வாங்குவாங்களாம். நோன்பு வச்சுக்கிட்டு இனிமே அந்தப் பொய்க் கையெழுத்தைப் போட மாட்டேன்னு முதலாளிகிட்டயே சொல்லிட்டாரு. அப்படிப்பட்ட மனுஷன் மேடம் அவர்."

"முதலாளி என்ன சொன்னாராம்?"

"பத்து நாள் பொறுத்துக்கச் சொன்னாராம். அப்பா மாட்டேன்னுட்டாரு."

பகல் 12:05.

மஹ்ஜூபா குளிர் அறைப் பக்கத்து இணைப்பில் ஒரு மடிக்கணினியைச் செருகி, அங்கிருந்து அலுவலக மணிப்பெட்டிக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. அலுவலகத்துக்கு வந்து இந்தப் பக்கமிருந்து அனுப்பினாள். அதற்கும் பதில் இல்லை.

முட்டாள் ஆளாக இருந்தால் இரண்டு பக்கமும் அறுந்துவிட்டது என்று எழுதி முடித்திருப்பான். அவளுக்குத் தெரியும், இந்த மாதிரிக் கோளாறில் எப்போதும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும். செய்தியே போகவில்லையா? இல்லை, போய்ச் சேர்ந்த செய்திக்குப் பதில் மட்டும் திரும்பவில்லையா?

குளிர் அறைப் பக்கத்து ரௌட்டர் தனி. அதில் எதையும் யாரும் தொடவில்லை. அப்படியானால் பொத்தானின் அழைப்பு முற்றத்தைத் தாண்டி மணிப்பெட்டிக்கு வந்திருக்க வேண்டும். பெட்டி "யாரது?" என்று பதில் கேட்டிருக்கும். அந்தப் பதிலுக்குத்தான் பாதை இல்லை. அலுவலக ரௌட்டர் அதை வெளி இணையத்தில் தூக்கிப் போட்டிருக்கும். இரண்டு பக்கமும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டால்தான் மணி அடிக்கும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

மணிப்பெட்டி இத்தரின் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. மடிக்கணினியில் அதன் பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். அடித்த மணிகள்: எதுவும் இல்லை. இதைத்தான் காலையில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதற்குக் கீழே, யாரும் திறக்காத இன்னொரு பட்டியல் இருந்தது. முடிவடையாத அழைப்புகள்.

திறந்தாள்.

நாற்பத்தொரு வரிகள். எல்லாம் குளிர் அறைப் பொத்தானிலிருந்து வந்தவை. முதல் வரி 15:20. முதல் இரண்டு நிமிடத்தில் மட்டும் பதினொரு முறை. அப்புறம் நிமிடத்துக்கு ஒன்று. அப்புறம் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. கடைசி இரண்டுக்கும் நடுவே ஆறு நிமிடம் இருந்தது. நாற்பத்தோராவது வரி 16:07.

மஹ்ஜூபா இருபது வருடத்தில் எத்தனையோ பிணம் பார்த்தவள். ஒரு மனிதன் செத்துப்போவதை இப்படிக் கணக்காக யாரும் அவளுக்கு எழுதிக் கொடுத்ததில்லை.

மணிப்பெட்டியின் நேரத்தைத் தன் போனோடு ஒப்பிட்டாள். நொடி சுத்தமாகச் சரியாக இருந்தது. கேட் மெஷினும் சரியாக இருந்தது. அப்புறம்தான் மண்டையில் அடித்த மாதிரி உறைத்தது. பாதை அறுந்தது 16:12 என்கிறது ரௌட்டர். லஹ்பீப் முதல் தடவை அழுத்தியது 15:20. நடுவில் ஐம்பத்திரண்டு நிமிடம் பாதை ஒழுங்காக இருந்திருக்கிறது. அப்படியானால் நாற்பத்தொரு தடவையும் மணி அடித்திருக்க வேண்டும்.

அவள் விறுவிறுவென்று இத்தர் இருந்த பெட்டி அறைக்குப் போனாள்.

"நாலு மணிக்கு வந்து என்ன பாத்தே? மெயில்னு சொன்னே, அறை விழும்."

இத்தர் கன்னத்தைத் தடவினான். "ஸ்கிரீன்ல குளிர் அறையோட பக்கம் திறக்கலை மேடம். நாலு ரெண்டுக்குச் சோதிச்சுப் பாத்தேன். பதில் வரலை."

"அப்புறம்?"

"பாதை போயிருக்கும்னு தெரிஞ்சுது. தலை வலிச்சுது. நோன்பு வேற. நாளைக்கு வந்து பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்." அவன் விசும்பினான். "சொன்னா என் வேலை போயிரும். பழியும் என் மேலதான் விழும்னு பயந்தேன்."

"அட மடையா. உன்னைக் காப்பாத்துற ஒரே சாட்சியை வாய்க்குள்ள வச்சு மென்னுக்கிட்டு இருந்திருக்கே." அவன் சொன்னதைக் காமிலி எழுத, இத்தர் கையெழுத்துப் போட்டான். அந்த நாற்பத்தொரு வரிகளைப் பற்றி மஹ்ஜூபா அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பகல் 12:50.

முதலாளி அறையில் எல்லோரையும் கூட்டினாள். ஸெர்வாலி தன் நாற்காலியில் இருந்தார். இஜ்ஜா சுவரோரம் நின்றாள். இத்தரின் கையில் விலங்கு. காமிலி கதவை அடைத்து நின்றான்.

"ஒரு உதவி," என்றாள் மஹ்ஜூபா. "காலையில காட்டினீங்களே, அதே மாதிரி ரௌட்டருக்குள்ள இன்னொரு தடவை போங்க."

ஸெர்வாலி தயங்கினார். "பிரின்ட் குடுத்தேனே மேடம்."

"போங்க."

அவர் நுழைந்தார். அதே நேரத்தில் துறைமுகப் பள்ளிவாசலிலிருந்து பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு எழுந்தது. மஹ்ஜூபா திரையைப் பார்த்து உரக்கப் படித்தாள்.

"இன்று 13:52, உள்நுழைவு." அவள் தன் போனைத் தூக்கிக் காட்டினாள். 12:52. "என்ன முதலாளி, பாங்கு சொல்ற மோதினார் இன்னிக்கு ஒரு மணி நேரம் தூங்கிட்டாரா?"

அவள் போனை மேசையில் வைத்தாள்.

"நோன்பு வந்தா நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுது. போன் தானா மாறிக்குது. கேட் மெஷின், மணிப்பெட்டி எல்லாம் மாறிக்குது. இந்தப் பழைய ரௌட்டருக்கு மட்டும் நோன்பு தெரியாது. ரமலான் பொறந்ததை யாரும் அதுக்குச் சொல்லலை. சொல்ல வேண்டியவன் இவன். சேந்து எட்டு மாசம்தான் ஆகுது. இந்த ரௌட்டரோட இவனுக்கு இது முதல் நோன்பு."

கைக்குட்டையைத் திருகிக்கொண்டிருந்த ஸெர்வாலியின் விரல் நின்றது.

"பாதை அறுந்தது நாலு பன்னெண்டுக்கு இல்ல, மூணு பன்னெண்டுக்கு. அப்ப இத்தர் துறைமுகக் கடையில, நாலு பேர் நடுவுல நின்னு கேபிள் மாட்டிக்கிட்டு இருந்தான். திரும்பி வந்து நாலு ரெண்டுக்கே பாதை இல்லன்னு பாத்துட்டான். கேட்டுக்குள்ள மூணு பன்னெண்டுக்கு ரெண்டே பேர். ஒருத்தர் உறைஞ்சுபோயிட்டாரு. மிச்சம் யாரு முதலாளி?"

"மேடம், இது அபாண்டம். யாராவது சுவர் ஏறிக் குதிச்சு..."

"மூணு ஆள் உயரம், மேல கம்பி. அப்படிக் குதிச்சவன் நேரா ஆபீசுக்கு வந்து, ரெண்டு சப்நெட்டுக்கும் நடுவுல இருக்கிற அந்த ஒரு வரியை மட்டும் தேடி அழிச்சானா? அது அழிஞ்சா மணி அடிக்காதுன்னு இந்தக் கம்பெனில ரெண்டு பேருக்குத்தான் தெரியும். சொல்லிக்கொடுத்தவனுக்கும், கத்துக்கிட்டவருக்கும்." அவள் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள். "லஹ்பீபை உள்ள அனுப்பினீங்க. இவன் மெஷின்ல உக்காந்து வரியை அழிச்சீங்க. முற்றத்தைத் தாண்டிப் போய் ஆணியைச் செருகினீங்க. மூணு இருபத்தஞ்சுக்கு வெளியே போய் ஏலத்துல எல்லாருக்கும் சலாம் சொன்னீங்க. அதுவரைக்கும், மணி அடிக்காததுக்கு மெஷின் கோளாறு, இத்தரோட அலட்சியம்னு சொல்லத்தான் திட்டம். காலையில என் முன்னாடி ரௌட்டரைத் திறந்ததும் நாலு பன்னெண்டுன்னு கண்ணுல பட்டுது. நீங்க செஞ்சது மூணு பன்னெண்டுக்குன்னு உங்களுக்குத் தெரியும். உடனே கைக்கடிகாரத்தைப் பாத்தீங்க. ரௌட்டர் ஒரு மணி நேரம் பொய் சொல்லுதுன்னு இந்த ஊர்ல முதல்ல கண்டுபிடிச்ச ஆள் நீங்கதான். எங்கிட்ட ஏன் சொல்லலை?"

ஸெர்வாலியின் வெள்ளை ஜெல்லாபாவின் அக்குள் நனைந்திருந்தது.

"பத்து நாள்," என்றார் கடைசியில். "பத்து நாள் பொறுத்துக்கடான்னு காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். நோன்பு, பாவம், மறுமைன்னு ஆரம்பிச்சுட்டான். எல்லாம் போயிருக்கும் மேடம். என் பிள்ளைங்க தெருவுல நின்னிருக்கும்."

இஜ்ஜா அவர் முகத்தில் காறித் துப்பினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. காமிலி விலங்கை இத்தரின் கையிலிருந்து கழற்றி, அதே விலங்கை ஸெர்வாலிக்கு மாட்டி வெளியே இழுத்துக்கொண்டு போனான்.

பகல் 1:15.

அறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள். இத்தர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "இஜ்ஜா," என்றான். குரலில் உயிர் திரும்பியிருந்தது. "நான்தான் சொன்னேனே, நான் இல்லன்னு."

இஜ்ஜா அவனைப் பார்த்தாள். முகம் இளகுகிற மாதிரி இருந்தது. முக்காட்டுத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மஹ்ஜூபாவிடம் திரும்பினாள்.

"மேடம், அப்பா ரொம்ப நேரம் கஷ்டப்பட்டாரா?"

மஹ்ஜூபாவுக்குப் பொய் சொல்லத் தெரியும். அவளுடைய தொழிலில் பாதி அதுதான். ஆனால் நாளைக்குக் கோர்ட்டில் இதை எவனோ ஒரு வக்கீல் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லோர் முன்னாலும் படிப்பான். அதைவிட இதுவே மேல். அவள் அந்தத் தாளை எடுத்து நீட்டினாள்.

"உங்கப்பா பொத்தானை அழுத்தின நேரம். நாப்பத்தொரு தடவை."

இஜ்ஜா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். விரல் கடைசி வரியில் நின்றது. மேசையில் கேட் மெஷின் பட்டியல் விரித்தபடி கிடந்தது. அதையும் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"நாலு ஏழு," என்றாள் மெதுவாக. "நாலு ஏழு வரைக்கும் அப்பா உயிரோட இருந்திருக்காரு." அவள் இத்தரின் பக்கம் திரும்பினாள். "நீ நாலு மணிக்கு உள்ள வந்திருக்கே. அப்ப நீ எங்க இருந்தே?"

இத்தர் மணிக்கட்டைத் தேய்ப்பதை நிறுத்தினான். அவன் மஹ்ஜூபாவைப் பார்த்தான். அவள் உதவவில்லை. அவன் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தைத் திருப்பி இஜ்ஜாவின் முன்னால் நகர்த்தினாள்.

இஜ்ஜா படித்து முடிக்க நேரமானது.

"அந்த ஒரு வரியைத் திரும்ப எழுத எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாள்.

இத்தர் மறுபடி மணிக்கட்டைத் தேய்த்தான்.

"கேக்குறேன்ல. எவ்வளவு நேரம்?"

"அரை நிமிஷம்," என்றான் இத்தர்.

இஜ்ஜா அழவில்லை. தாளை நாலாக மடித்து மேசையில் வைத்தாள்.

"உன்னைக் கொலைகாரன்னு சொன்னது தப்புதான்," என்றாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக வெளியே போனாள்.